'சதை தின்னும் கிருமி': ஒரு பெயரின் மீது நான்கு ஆட்சேபங்கள்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், ஆனைமலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஒத்தக்கடை. அங்குள்ள ஒரு தேநீர்க் கடையையும், 2024 ஜூன் மாதத்துக் காலைப் பொழுது ஒன்றையும் மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெஞ்சில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் நாளிதழை விரித்து உரக்கப் படிக்கிறார். ஜப்பானில் 'சதை தின்னும் கிருமி' பரவுகிறதாம். 48 மணி நேரத்தில் ஆளைக் கொன்றுவிடுமாம். கேட்டவர்கள் 'உச்' கொட்டுகிறார்கள்.

பெஞ்சின் ஓரத்தில் ஐம்பத்தைந்து வயது உழவர் ஒருவர். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். முந்தாநாள் வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பட்ட இடது காலில் பழந்துணியால் ஒரு கட்டு. கணுக்காலுக்கு மேலே இலேசாகச் சிவந்து வீங்கியிருக்கிறது. இரவெல்லாம் வலியில் தூக்கமில்லை. "அது ஜப்பான்காரனுக்கு வர்ற வியாதிப்பா. நமக்கு எதுக்கு அந்தக் கவலை?" என்று சொல்லிவிட்டு அவர் தேநீரைக் குடிக்கிறார்.

உழவர் கற்பனை மனிதர். ஆனால் அந்தச் செய்தி உண்மை. 2024-ல் ஜூன் 2-ஆம் நாள் வரை ஜப்பானில் 977 பேருக்கு அந்நோய் கண்டது. அதற்கு முந்தைய 2023-ஆம் ஆண்டு முழுவதும் கண்டவர் 941 பேர். நம் நாளிதழ்கள் இதைப் பெரிய எழுத்தில் வெளியிட்டன. பிழை எண்ணிக்கையில் இல்லை, பெயரில் இருக்கிறது. அப்பெயர், யாருக்குப் பயன்பட வேண்டுமோ அவரையே, 'இது நமக்கில்லை' என்று சொல்ல வைக்கிறது. அதனால்தான் இக்கட்டுரையில் அந்தப் பெயரைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு நோயின் பெயரைப் பற்றி இவ்வளவு வாதம் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். இந்த நோயில் ஒருவர் பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் சில மணி நேரக் கணக்கு. அந்த மணி நேரங்களை வீணாக்குவது எதுவாயினும், பெயரே ஆயினும், அதை விசாரிக்கத்தான் வேண்டும்.

முதல் ஆட்சேபம்: கிருமி தின்பதில்லை

ஆட்டிறைச்சி வாங்கியவர்கள் கவனித்திருப்பீர்கள். சதைத் துண்டின் மேல் வெண்மையாக, பளபளப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். கத்தி நுனியால் ஓரத்தைத் தூக்கிவிட்டால் உரிந்து வரும். நம் கை கால்களிலும் தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, தசைகளைப் போர்த்தியபடி இதே போன்ற சவ்வு உண்டு. நாம் பேசும் நோய் பெரும்பாலும் இந்தச் சவ்வின் வழியாகவே பரவுகிறது. இந்தச் சவ்வுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அங்கே புகுந்த கிருமிகளை எதிர்க்க உடலின் காவற்படை, அதாவது வெள்ளணுக்கள், போதிய அளவில் வந்து சேர்வதில்லை. பாய்க்கு அடியில் கொட்டிய தண்ணீர் மேலே தெரியாமலே நாற்புறமும் ஓடுவதுபோல, தோல் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே நோய் அடியில் ஓடிவிடுகிறது.

அங்கே என்ன நடக்கிறது? கிருமிகள் நச்சுப்பொருள்களையும், திசுவைக் கரைக்கும் நொதிகளையும் வெளியிடுகின்றன. இவற்றாலும், இவற்றை எதிர்த்து உடலில் மூளும் அழற்சியாலும், சவ்வைத் துளைத்துக்கொண்டு தோலுக்குச் செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து அடைபடுகிறது. இரத்தம் போகாத திசு இறக்கிறது. இறந்த திசு கிருமிகளுக்கு நல்ல விளைநிலம். அவை மேலும் பெருகுகின்றன. மேலும் குழாய்கள் அடைபடுகின்றன. இந்தச் சுழற்சியே நோய். சோற்றைத் தின்பதுபோல் கிருமி சதையைக் கடித்துத் தின்னும் காட்சி இதில் எங்கும் இல்லை.

'தின்றால் என்ன, அடைத்துக் கொன்றால் என்ன, சதை போய்விட்டதல்லவா?' என்று கேட்பீர்கள். வேறுபாடு சிகிச்சையில் இருக்கிறது. ஒத்தக்கடை வட்டாரத்தில் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனம் உண்டு. வாய்க்கால் நடுவில் தூர்ந்து அடைபட்டுவிட்டால், தலைமடையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். ஊசி வழியே நரம்பில் ஏற்றும் மருந்து இரத்தத்தோடு ஓடித்தான் புண்ணைச் சேர வேண்டும். இரத்தக் குழாய்களே அடைபட்ட இடத்துக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? எவ்வளவு வீரியமுள்ள மருந்தானாலும் கடைமடைக்கு எட்டாது. இந்த ஓர் உண்மையைப் புரிந்துகொண்டால் மருத்துவர் ஏன் உடனே கத்தியை எடுக்கிறார் என்பது புரியும். 'தின்னும் கிருமி' என்ற பெயரோ இந்த உண்மையை மறைத்துவிட்டு, கிருமியைக் கொன்றால் போதும் என்ற எண்ணத்தைத் தருகிறது.

இரண்டாம் ஆட்சேபம்: அது ஒரு கிருமி அன்று, அயல்நாட்டுக் கிருமியும் அன்று

ஜப்பானியச் செய்தியில் கணக்கிடப்பட்ட நோய், ஸ்டிரெப்டோகாக்கஸ் நச்சு அதிர்ச்சி நோய். அது ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா உடலுக்குள் ஊடுருவி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, பல உறுப்புகள் ஒருசேரச் செயலிழக்கும் நிலை. அந்நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கே சதை அழுகல் ஏற்படுகிறது. செய்தி நம் மொழிக்கு வந்து சேர்வதற்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தலைப்பின் கவர்ச்சிக்காகச் செய்த இந்தச் சுருக்கம் முதல் தவறு.

மேலும், சதை அழுகலுக்குக் காரணம் ஒரே கிருமி அன்று. தொண்டைப் புண் உண்டாக்கும் அதே ஸ்டிரெப்டோகாக்கஸ் தனியாகவே அதை உண்டாக்கலாம். மண்ணில் வாழும் கிளாஸ்டிரிடியம், ஆழமான காயங்களில் வாயு நிறைந்த அழுகலை உண்டாக்கும். கடல்நீரில் உள்ள ஒருவகை விப்ரியோ, கல்லீரல் கெட்டவர்களைத் தாக்கும். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் காலிலும் இடுப்புக்குக் கீழ்ப் பகுதியிலும் காண்பது பெரும்பாலும் பல கிருமிகளின் கூட்டு. நம் குடலில் இயல்பாகவே வாழ்பவையும் தோலில் வாழ்பவையும் கைகோத்துக்கொண்டு செய்யும் வேலை அது. பிறப்புறுப்புப் பகுதியில் வரும் இத்தகைய அழுகலை 1883-ல் பாரிஸ் மருத்துவர் ஃபூர்னியே விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த நாட்டிலிருந்து கிருமி வந்தது?' என்பதன்று, 'எந்த உடலில் அதற்கு இடம் கிடைத்தது?' என்பதே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். மேற்சொன்ன தேநீர்க் கடையில் காலையில் வந்துபோகும் எழுபது பேரில் பத்துப் பேர். சர்க்கரை கட்டுப்படாத உடலில் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. காலின் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நரம்புகள் கெட்டுப் பாதம் மரத்துப்போவதால் முள் குத்தியதும் தெரிவதில்லை. ஜப்பானைப் பற்றிய செய்தி உண்மையில் யாருக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை இப்போது சிந்தியுங்கள்.

இதில் மதுரைக்காரர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. பெயரால் நேரும் வம்பு இவ்வூருக்குப் புதிதன்று. 1842-ல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்ற ஆங்கில மருத்துவர், கால் வீங்கி, பல துளைகள் விழுந்து, அவற்றின் வழியே மணி மணியாகக் கசியும் ஒரு நோயை விவரித்தார். அது உலக மருத்துவ நூல்களில் 'மதுரைக் கால்' என்றே நிலைத்துவிட்டது. பின்னர் பம்பாயில் பணியாற்றிய வாண்டைக் கார்ட்டர் அதை விரிவாக ஆராய்ந்து 1874-ல் நூலாக வெளியிட்டார். முள் குத்திய வழியே மண்ணிலுள்ள பூஞ்சணமோ அதைப் போன்ற பாக்டீரியாவோ புகுந்து உண்டாக்கும் நோய் அது. சூடான், மெக்சிகோ போன்ற நாடுகளிலும் அது உண்டு. இருந்தும் பழி மதுரையின் தலையில் விழுந்தது.

அந்த நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நகர்வது. நாம் இங்கே பேசும் நோய் மணிக்கணக்கில் ஓடுவது. இரண்டும் தொடங்குவது வெறுங்காலில் ஏற்பட்ட ஒரு சிறு காயத்தில்தான். காட்டிலும் வயலிலும் வேலை செய்யும் நம் மக்களுக்குக் காற்புண் என்றால் மெதுவாக ஆறும், அல்லது மெதுவாகக் கெடும் ஒன்று. 'நாலு நாள் பார்ப்போம்' என்ற பொறுமை அந்த அனுபவத்திலிருந்து வந்தது. பெரும்பாலான புண்களில் அந்தப் பொறுமை பலித்தும் விடுகிறது. இந்த ஒரு நோயில் மட்டும் அதுவே எமனாகிறது.

மூன்றாம் ஆட்சேபம்: கண்ணைத் தவறான இடத்தில் வைக்கிறது

சதையைத் தின்கிறது என்றதும் மனத்தில் என்ன படம் எழுகிறது? கறுத்து அழுகி, குழி விழுந்த கால். அப்படி எதுவும் தெரியவில்லையே என்று நம் உழவர் நிம்மதி அடைகிறார். ஆனால் முன்பே கண்டபடி, இந்த நோயில் தோல் கடைசியில்தான் சாட்சி சொல்கிறது. முதலில் சாதாரணச் சிவப்பும் வீக்கமும், பின்பு கருநீலம், பின்பு இரத்தம் கலந்த நீர்க் கொப்புளம், அதன் பின்பே கறுப்பு. தோல் கறுப்பதற்காகக் காத்திருப்பவர், வீடு முழுவதும் எரிந்து கூரைக்கு மேல் புகை எழும்வரை காத்திருப்பவருக்கு ஒப்பாவார்.

தொடக்கத்தில் கிடைக்கும் சிறந்த தடயம் வலி. காயத்துக்குப் பொருந்தாத வலி. பார்வைக்குச் சிறு சிவப்பு, வலியோ தாங்க முடியாதது. சிவப்பின் எல்லையையும் கடந்து, தொட்டால் துடிக்கும் வலி. தொடும்போது தோலடி பலகைபோல் விறைத்திருப்பதும், அழுத்தினால் உள்ளே வாயு இருப்பதால் நறநறவென்ற உணர்வு தட்டுப்படுவதும் மற்றத் தடயங்கள். பிறகு வலி திடீரென்று குறைந்துவிடலாம். அதைக் கண்டு மகிழக்கூடாது. அவ்விடத்து நரம்புகள் இறந்ததன் அடையாளமாக அது இருக்கக்கூடும். ஏற்கெனவே பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு வலி தெரியாமலே போகலாம். அவரிடம் சர்க்கரை காரணமின்றி எகிறுவதையும், நாடித்துடிப்பு வேகம், சோர்வு, மயக்கம், சிறுநீர் குறைவு ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

'காய்ச்சல் இல்லையே' என்று சொல்வோர் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியிட்ட ஒரு மதிப்பீட்டின்படி, இந்நோயாளிகளில் காய்ச்சல் இருந்தவர் 46 விழுக்காட்டினரே. இரத்தக் கொப்புளம் கண்டவர் 25 விழுக்காட்டினர். இரத்த அழுத்தம் வீழ்ந்திருந்தவர் 21 விழுக்காட்டினர். நாம் 'அடையாளம்' என்று எதிர்பார்ப்பவை பாதிப்பேரிடம்கூட இல்லை.

சோதனைச்சாலையாவது கைகொடுக்குமா? 2004-ல் சிங்கப்பூர் மருத்துவர்கள் ஆறு இரத்தச் சோதனைகளின் அளவுகளைக் கூட்டி மதிப்பெண் போடும் முறை ஒன்றை வகுத்தனர். ஆறு மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றால் இந்நோயை ஐயுற வேண்டும் என்றனர். அம்முறை உலகெங்கும் பரவியது. ஆனால் மேற்சொன்ன 2019 மதிப்பீடு, நோய் உண்மையிலேயே இருந்தவர்களில் 68 விழுக்காட்டினரையே அது பிடித்தது என்று காட்டியது. மூவரில் ஒருவரை அது நழுவ விடுகிறது. மதிப்பெண் குறைவு என்பதைக் காட்டி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது அறிவியல் ஆகாது.

ஐயம் தீர வழி எளியது, பழையது. சந்தேகப்படும் இடத்தில் தோலை மரக்கச் செய்து, அறுவை மருத்துவர் சவ்வு வரை ஒரு சிறு கீறல் போட்டு விரலை நுழைத்துப் பார்ப்பார். நல்ல திசு இரத்தம் கசியும். விரலுக்கு இடம் கொடாது. நோயுற்ற திசுவில் இரத்தம் வராது. கழுநீர்போல் கலங்கிய நீர் வரும். விரல் தடையின்றி சவ்வின் மீது வழுக்கிக்கொண்டு போகும். பெரிய கருவிகள் இல்லாத மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை இது.

நான்காம் ஆட்சேபம்: மருந்தைத் தேட வைக்கிறது, காலத்தை மறக்க வைக்கிறது

இதுவே எல்லாவற்றிலும் பெரிய குறை. கொடிய கிருமி என்றதும், அதைக் கொல்லும் கொடிய மருந்து எங்கே கிடைக்கும் என்று மனம் ஓடுகிறது. சற்றுப் பழைய வரலாற்றைப் பார்ப்போம். 1924-ல் பீகிங் நகரில் மெலனி என்ற அறுவை மருத்துவர், ஸ்டிரெப்டோகாக்கஸ் சதை அழுகல் கண்ட 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல். அதாவது அவர் கையில் கிருமிகொல்லி மருந்து ஒன்றுகூட இல்லை. அவர் செய்தது, காலந்தாழ்த்தாமல் அகல வெட்டித் திறந்ததுதான். இறந்தவர் ஐந்தில் ஒரு பங்கினர். இன்று உலகின் நல்ல மருத்துவமனைகளிலும் ஐந்தில் ஒருவர் முதல் நால்வரில் ஒருவர் வரை இறக்கின்றனர். இருபது பேர் கணக்கை இன்றைய கணக்கோடு நேரடியாக ஒப்பிட முடியாது என்பது உண்மையே. இன்று வரும் நோயாளிகளில் முதியோரும் சர்க்கரை நோயாளிகளும் மிகுதி. ஆனாலும் நூறு ஆண்டு மருந்து வளர்ச்சிக்குப் பிறகும் இந்த எண் இவ்வளவு பிடிவாதமாக நிற்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

எண்ணை அசைப்பது எது? 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 65 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்தனர். மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து அறுவை செய்யும்வரை கழிந்த நேரம், பிழைத்தவர்களுக்குச் சராசரி 25 மணி. இறந்தவர்களுக்கு 90 மணி. 2020-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் இறந்தவர் 19 விழுக்காடு. அதற்குப் பின் செய்யப்பட்டவர்களில் 32 விழுக்காடு. ஆகவே இந்நோய்க்கு 'மருந்து' என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது நேரந்தான்.

அறுவை என்றால் சீழை வடிக்கப் போடும் சிறு கீறல் அன்று. இறந்த திசு முழுவதையும், இரத்தம் கசியும் நல்ல திசு தென்படும்வரை, வெட்டி நீக்க வேண்டும். ஒருநாளுக்குள் மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுசென்று பார்க்க வேண்டும்; இறந்த திசு மேலும் தெரிந்தால் மீண்டும் வெட்ட வேண்டும். இரண்டு, மூன்று முறை ஆகலாம். 'முதல் தடவை சரியாகச் செய்யவில்லை, அதனால்தான் திரும்பவும் வெட்டுகிறார்கள்' என்று உறவினர்கள் சண்டைக்குப் போவதுண்டு. இரண்டாம் முறை பார்ப்பது சிகிச்சையின் பகுதியே என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

கிருமிகொல்லி மருந்துகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை முதல் மணி நேரத்திலேயே தொடங்கப்பட வேண்டும். பல கிருமிகளின் கூட்டு என்பதால் பலவற்றையும் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துத் தருவர். இங்கே ஓர் அழகான அறிவியல் செய்தி உண்டு. 1952-ல் ஹாரி ஈகிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளில் ஒன்றைக் கண்டார். கிருமிகள் பெருகி நெரிசலான பிறகு பெனிசிலின் வலுவிழந்துவிடுகிறது. ஏனெனில் அது, வளர்ந்து பிரியும் கிருமியின் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கும் மருந்து. நெரிசலில் கிருமிகள் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்வதால் அதற்கு வேலை இல்லாமல் போகிறது. கிளிண்டாமைசின் என்னும் மருந்தோ கிருமி புரதம் செய்வதையே தடுப்பது. நச்சுப்பொருளும் புரதமே ஆதலால் நஞ்சு ஊறுவதும் குறைகிறது. ஆகவேதான் இரண்டையும் சேர்த்துத் தருகிறார்கள். கூடவே நரம்பு வழி நீர், இன்சுலின், தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்காணிப்பு ஆகியவையும் வேண்டும்.

ஆனால் விலை மிகுந்த துணை மருந்துகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. பலருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தை ஏற்றினால் பலன் உண்டு என்று நம்பப்பட்டது. டென்மார்க்கில் 100 நோயாளிகளிடம் முறைப்படி ஒப்பிட்டுச் சோதித்தனர். 2017-ல் வெளியான முடிவின்படி, ஆறு மாதங்களுக்குப் பின் அவர்களது உடல் நலத்தில் எந்த வேறுபாடும் இல்லை. உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைக்கும் சிகிச்சைக்கும், குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட சோதனையின் சான்று கிடையாது. நிலத்தை விற்று இவற்றைத் தேடி ஓடுவதற்குள், அறுவைக்குரிய நேரம் கழிந்துவிட்டால் யாருக்கு இலாபம்?

பெயருக்காக ஒரு வாதம்

நேர்மையாக, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் வழங்கும் பெயரை, இறந்த திசு என்பதற்கான கிரேக்கச் சொல்லையும் சவ்வு என்பதற்கான இலத்தீன் சொல்லையும் சேர்த்து 1952-ல் வில்சன் என்பவர் வழக்குக்குக் கொண்டுவந்தார். அது பொதுமக்கள் நாவில் நுழையாது. 1994-ல் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் பகுதியில் சிலருக்கு அடுத்தடுத்து இந்நோய் கண்டபோது, அந்நாட்டுப் பத்திரிகைகள் 'சதை தின்னும்' என்ற அடைமொழியை உலகெங்கும் பரப்பின. அதே ஆண்டு டிசம்பரில் கனடாவின் அரசியல் தலைவர் லூசியன் பூஷார் இந்நோயால் ஓர் இடக்காலை இழந்து உயிர் பிழைத்தார். 1996-ல் அவர் கியூபெக் மாநிலத்தின் முதலமைச்சரும் ஆனார். அச்சமூட்டும் பெயர்தான் இந்நோயை உலகறியச் செய்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அச்சம் இருவகை. ஒன்று ஆளை ஓட வைக்கும். மற்றொன்று உறைய வைக்கும். 'ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள்' என்று ஒளிந்துகொள்வது இரண்டாம் வகை. காலை எடுக்க நேர்வது பெரும்பாலும் தாமதத்தால் என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. 'வேக அழுகல்' என்று சொல்லிப் பார்த்தால் என்ன? வேகம் என்பதில் காலம் இருக்கிறது. அழுகல் என்பதில் வெட்டி நீக்க வேண்டிய தேவை இருக்கிறது. இதைவிட நல்ல தமிழ்ப் பெயர் உங்களுக்குத் தோன்றினால் அதையே வழங்குங்கள். பெயரில் காலம் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

மீண்டும் அந்தப் பெஞ்சுக்கு

நம் உழவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். கால் சிவந்து வீங்குபவர்கள் எல்லாருக்கும் இந்நோய் இல்லை. பெரும்பாலோருக்குத் தோலளவில் நிற்கும் தொற்றே இருக்கும். அது மருந்திலேயே அடங்கும். அவருக்கும் அப்படியே இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது தேநீர்க் கடை அன்று. அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சிறு சிவப்புக்குத் தூங்க விடாத வலியும் இருக்கிறது. இந்த இரண்டும் போதும், இன்றே, இப்போதே போவதற்கு.

பக்கத்தில் இருப்பவர் ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்துச் சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதட்டும். போகும் வழியிலேயே சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் அது எந்தச் சோதனைச் சீட்டையும்விட உரக்கப் பேசும். தாண்டவில்லை என்பதற்காகத் திரும்பிவிடவும் கூடாது. வலி மாத்திரையைத் திரும்பத் திரும்பப் போட்டு அந்த ஒரே சாட்சியின் வாயை அடைக்க வேண்டாம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டு நிறத்தை மறைக்க வேண்டாம். மருந்துக்கடையில் இரண்டு நாள் மாத்திரை வாங்கிப் பார்க்கவும் வேண்டாம். ஒத்தக்கடையிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை சுமார் பத்துக் கிலோமீட்டர். 108-ஐ அழைக்கலாம். அறுவை அரங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்துக்கு நேரே போவது நல்லது. இரண்டு மூன்று இடம் ஏறி இறங்கினால் அரை நாள் போய்விடும்.

மருத்துவரிடம் இரண்டு செய்திகளை மறவாமல் சொல்லுங்கள்: சர்க்கரை நோய் எத்தனை ஆண்டு, வலி காயத்தைவிட எவ்வளவு பெரிது. அறுவை வேண்டும் என்று அவர் சொன்னால், 'மூத்த மகன் திருப்பூரிலிருந்து வரட்டும், கலந்து பேசிக் கையெழுத்துப் போடுகிறோம்' என்று சொல்லாதீர்கள். தொலைபேசி இருக்கிறது, மகன் அதில் சம்மதிக்கட்டும். மருத்துவர் தரப்பிலும் 'நாளைக் காலை பெரிய டாக்டர் வந்து பார்க்கட்டும்' என்ற சொல் இந்த ஒரு நோய்க்கு ஒவ்வாது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு. சர்க்கரை உள்ளவர் நாள்தோறும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது. கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்வது. காயம் பட்டால் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவுவது. வயலுக்குக் காலணியோடு போவது. சேற்றில் காலணி நிற்காது என்பது தெரியும். வரப்பிலாவது நிற்குமல்லவா?

அடுத்த முறை நாளிதழில் 'சதை தின்னும் கிருமி' என்ற தலைப்பைக் காணும்போது, அது எந்த நாட்டில் என்று தேடுவதற்கு முன், உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் யார், அவருடைய காலை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.